கன எண்ணா, கள்ள எண்ணா?

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கன எண் பாடம் நடக்கிறது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தலைக்கு மேலே சின்னதாக ஒரு 3 உட்கார்ந்திருக்கிறது. அப்படியே வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு எண்ணைப் பார்த்ததும் அது கன எண்தானா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு குறுக்குவழி சொல்லுங்கள் சார்.
– எட்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

‘இல்லை’ என்று சொல்லக் குறுக்குவழி இருக்கிறது கண்ணு. ‘ஆம்’ என்று சொல்லத்தான் கிடையாது. இலக்கங்களைக் கூட்டு. வருகிற விடையின் இலக்கங்களையும் கூட்டு. ஓரிலக்கம் ஆகிறவரை கூட்டிக்கொண்டே போ. கடைசியில் 1, 8, 9 இந்த மூன்றில் ஒன்று வரவில்லையென்றால் அது கன எண் இல்லை, பேனாவை மூடிவிடலாம். 4,000-க்கு 4 வருகிறது, அவுட். 1,250-க்கு 8 வருகிறது. உடனே கையைத் தூக்கி ‘கன எண்!’ என்று கத்திவிடாதே. 10-ன் கனம் 1,000, 11-ன் கனம் 1,331. இரண்டுக்கும் நடுவில் திருதிருவென்று விழிக்கிறது 1,250. ஒன்று முதல் ஆயிரம் வரை இந்தச் சோதனையில் தேறுகிற எண்கள் 334. அவற்றில் உண்மையான கன எண்கள் பத்தே பத்து. மீதி 324-ம் கள்ள எண்கள்!

கேள்வி: அதென்ன 1, 8, 9? ஜோசியமா?
– தனியார் நிறுவன ஊழியர், அம்பத்தூர்

ஜோசியமாக இருந்தால் காரணம் கேட்க முடியாது, இதற்குக் கேட்கலாம். எந்த முழு எண்ணும் மூன்றின் மடங்காக இருக்கும், இல்லையென்றால் அதைவிட ஒன்று கூட, அல்லது ஒன்று குறைய இருக்கும். அதாவது 3க, 3க+1, 3க–1. மூன்றையும் கனப்படுத்திப் பாருங்கள். முதலாவது 27க³, ஒன்பதால் மீதியின்றி வகுபடும். இரண்டாவது 27க³+27க²+9க+1, மீதி 1. மூன்றாவது 27க³–27க²+9க–1, ஒன்று குறைகிறது, அதாவது மீதி 8. இலக்கங்களைக் கூட்டுவது என்பதே ஒன்பதால் வகுத்து மீதி பார்க்கிற வேலைதான். மீதி 0 என்றால் கூட்டல் 9-ல் முடியும். அவ்வளவுதான் ரகசியம்.

கேள்வி: இரண்டின் கனம் ஆறு என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். எப்படித் திருத்துவது?
– ஓர் அம்மா, தாம்பரம்

அதட்ட வேண்டாம். மேலே இருக்கும் 3-ஐ அவன் பெருக்கற்குறி போட்ட 3 என்று நினைத்துக்கொண்டான். அவனைப் போல் வகுப்புக்குப் பாதிப் பேர் இருப்பார்கள். ‘அப்படியானால் ஒன்றின் கனம் மூன்றா?’ என்று கேளுங்கள். 1×1×1 எப்படி மூன்றாகும் என்று அவனே தலையைச் சொறிவான். பிறகு எட்டு சர்க்கரைக் கட்டிகளைக் கொடுத்து, எல்லாப் பக்கமும் இரண்டு இரண்டாக நிற்கும்படி அடுக்கச் சொல்லுங்கள். ஆறு கட்டியில் அடுக்க முடியாது என்பதை அவன் கையே சொல்லிவிடும். ஒரு கொசுறு: மும்மடங்கும் கனமும் ஒன்றாக வரும் முழு எண் 0 மட்டும்தான். அந்த விடையைச் சொன்னால் அவன் கட்சி ஜெயிக்கும்.

கேள்வி: 2, 3, 7, 8-ல் முடிந்தால் வர்க்க எண் இல்லை என்று படித்தோம். கன எண்ணுக்கு அந்த மாதிரி விலக்கு இல்லையா?
– ஏழாம் வகுப்பு மாணவன், பொள்ளாச்சி

இல்லை தம்பி. கன எண் பத்து இலக்கங்களில் எதில் வேண்டுமானாலும் முடியும். ஆனால் ஒரு கையில் எடுத்ததை மறு கையில் கொடுத்திருக்கிறார்கள். வர்க்க எண் 6-ல் முடிந்தால் மூலம் 4-ல் முடிகிறதா, 6-ல் முடிகிறதா என்ற குழப்பம் உண்டு. கனத்தில் அந்தக் குழப்பமே கிடையாது. 0, 1, 4, 5, 6, 9-ல் முடியும் எண்களின் கனமும் அதே இலக்கத்தில்தான் முடியும். 2 என்றால் 8, 8 என்றால் 2. 3 என்றால் 7, 7 என்றால் 3. இந்த இரண்டு ஜோடி மட்டும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். ஆகவே கனத்தின் கடைசி இலக்கம் தெரிந்தால் மூலத்தின் கடைசி இலக்கம் கையில். 5-ல் முடியும் எண்ணுக்கு மட்டும் தனிச் சோதனை உண்டு: கடைசி மூன்று இலக்கம் 125, 375, 625, 875 இந்த நான்கில் ஒன்றாக இல்லையென்றால் கனம் இல்லை.

கேள்வி: ஐந்து இலக்க எண்ணுக்கு என் தோழி நொடியில் கனமூலம் சொல்கிறாள். எப்படி?
– எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

மேலே உள்ள பதிலில் பாதியை அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள். மீதிப் பாதி இதோ. 17,576 என்று வைத்துக்கொள். வலப்பக்கத்திலிருந்து மூன்று இலக்கத்தைத் தனியாக வெட்டு: 17 | 576. வலத் துண்டு 6-ல் முடிகிறது, ஆகவே மூலமும் 6-ல் முடியும். இடத் துண்டு 17. அது 8-க்கும் 27-க்கும் நடுவில், அதாவது 2-ன் கனத்துக்கும் 3-ன் கனத்துக்கும் நடுவில் இருக்கிறது. சின்னதை எடு: 2. விடை 26.

இனி தோழியை மடக்க வழி சொல்கிறேன். 17,586-க்குக் கனமூலம் கேள். அதே வேகத்தில் 26 என்பாள். 26-ன் கனம் 17,576 மட்டுமே; 17,586 கள்ள எண். இலக்கங்களைக் கூட்டினால் 27, பிறகு 9. சோதனையிலும் சிரித்துக்கொண்டே தேறிவிடும். ‘முழுக் கனம்’ என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தால் மட்டும் இந்த வித்தை போதும். கொடுக்கவில்லை என்றால், வந்த விடையை மூன்று தடவை எழுதிப் பெருக்கிப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

கேள்வி: கன எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வது சரியா? எத்தனை வரைக்கும்?
– கணக்கு ஆசிரியை, விருத்தாசலம்

பத்து வரைக்கும் கண்டிப்பாக டீச்சர். 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1,000. வாய்ப்பாட்டுக்கு அடுத்து இந்தப் பத்தும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். மூலத்தின் கடைசி இலக்கத்தைச் சொல்வதும் முதல் இலக்கத்தைச் சொல்வதும் இதே பத்து எண்கள்தான். இவற்றை வைத்துக்கொண்டே பத்து லட்சம் வரை ஆளலாம். பதினொன்றிலிருந்து இருபது வரை ஆசைப்படுகிறவர்கள் படிக்கட்டும். படிக்காதவர்களுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ‘ஆம், இது கன எண்தான்’ என்று அடித்துச் சொல்ல எது வழி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

உங்களுக்குத் தெரியாததா ஐயா! பிள்ளைகளுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகாக் காரணியும் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஒன்றுகூட மிஞ்சாமல் போனால் அது கன எண். 3,375 என்பது மூன்று 3-ம் மூன்று 5-ம். ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பெருக்கினால் கனமூலம் 15. 392-ஐப் பிரித்தால் மூன்று 2, இரண்டு 7. ஏழு ஒன்று குறைகிறது. ‘எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்?’ என்று தேர்வில் கேட்டால் விடை 7; 2,744 கிடைக்கும், அது 14-ன் கனம். ‘எதனால் வகுக்க வேண்டும்?’ என்று கேட்டால் இரண்டு ஏழையும் வெளியேற்ற வேண்டும். விடை 49, மிஞ்சுவது 8. பெருக்கச் சொன்னார்களா வகுக்கச் சொன்னார்களா என்று பார்க்காமல் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஒரு கோடி கன எண்ணா?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ஒரு கோடிக்கு ஏழு பூஜ்யம். கன எண்ணின் வாலில் பூஜ்யங்கள் மூன்று மூன்றாகத்தான் வரும். ஆகவே லட்சமும் இல்லை, கோடியும் இல்லை. பத்து லட்சம் உண்டு. அது 100-ன் கனம். நூறு கோடி உண்டு. அது 1,000-ன் கனம். ஆனால் பூஜ்யம் மூன்று இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பூஜ்யங்களை உதிர்த்த பிறகு மிச்சமும் கனமாக இருக்க வேண்டும். 64,000 தேறும், 2,000 தேறாது.

அந்த நூறு கோடியை நீங்கள் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறீர்கள். ஒரு டி.எம்.சி. தண்ணீர் என்றால் நூறு கோடி கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரம் அடி உள்ள ஒரு பெட்டி நிறையத் தண்ணீர். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அதை ஒரே கனசதுரப் பெட்டியில் ஊற்ற நினைத்தால், பக்கம் நாலாயிரத்து ஐந்நூறு அடிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். தொண்ணூற்று மூன்று மடங்கு தண்ணீருக்குப் பக்கம் ஐந்து மடங்குகூட ஆகவில்லை பாருங்கள்.

கேள்வி: 64 வர்க்க எண்ணா, கன எண்ணா?
– மாணவன், ஆம்பூர்

இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறது. 8×8-ம் அதுதான், 4×4×4-ம் அதுதான். இப்படி இரட்டை உறுப்பினர் ஆவதற்கு ஒரு எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்க வேண்டும்: 1, 64, 729, 4,096... பத்து லட்சம் வரை தேடினாலும் பத்துப் பேர்தான் அகப்படுவார்கள்.

கேள்வி: ராமானுஜன் எண் 1729 கன எண்தானே?
– கல்லூரி மாணவர், ஈரோடு

ராமானுஜன் பிறந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! 12-ன் கனம் 1,728. ஒன்று கூடிப் போனதால் 1,729 கனம் இல்லை. காரணிப்படுத்தினால் 7×13×19, மூன்றும் தனித்தனி ஆள். ஆனால் இலக்கங்களைக் கூட்டினால் 19, 10, 1 என்று வந்து சோதனையை ஏமாற்றிவிடும்.

அதன் பெருமை வேறு. லண்டனை அடுத்த பட்னியில் ராமானுஜன் நோயுற்றுக் கிடந்தபோது, பார்க்க வந்த ஹார்டி தான் ஏறி வந்த டாக்சியின் எண் 1729 என்றும், சுவாரசியமில்லாத எண் என்றும் சொன்னார். ராமானுஜன் மறுத்தார்: இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது. 12³+1³ ஒரு விதம், 10³+9³ இன்னொரு விதம். இந்த எண்ணை 1657-லேயே பிரான்சின் ஃப்ரெனிக்ல் குறித்து வைத்திருந்தார். ஆனால் அவர் தேடிக் கண்டுபிடித்தார். ராமானுஜனுக்குப் படுக்கையிலேயே தெரிந்திருந்தது. அடுத்த எண் வேண்டுமா? 4,104. பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: –8 கன எண்ணா? குறை எண்ணுக்கு மூலம் கிடையாது என்றாரே எங்கள் சார்?
– எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி

சார் சொன்னது வர்க்கமூலத்தை. இரண்டு குறை சேர்ந்தால் மிகை. மூன்றாவது குறை வந்து மறுபடி குறையாக்கிவிடும். (–2)×(–2)×(–2) = –8. ஆகவே –8-ன் கனமூலம் –2.

கேள்வி: 26-க்கு ஏதாவது மதிப்பு உண்டா?
– 26-ஆம் தேதி பிறந்தவர், சேலம்

உண்டு. பக்கத்து வீடு 25, ஒரு வர்க்கம். மறுபக்கம் 27, ஒரு கனம். இப்படி இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட மிகை எண் உலகத்திலேயே 26 ஒன்றுதான். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னது. பிறந்த தேதியை நியூமராலஜிக்காரரிடம் கொண்டுபோகாமல் இங்கே கேட்டதற்கு நன்றி.

கேள்வி: ரூபிக் கனசதுரத்தில் சின்னக் கட்டைகள் 27 தானே?
– ஆறாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

கணக்குப்படி 27. கழற்றிப் பார்த்தால் 26. எர்னோ ரூபிக் 1974-ல் செய்த அந்தப் பொம்மையின் நட்டநடுவில் கட்டை இல்லை. திருகுவதற்கான அச்சு இருக்கிறது. வெளியே தெரியும் 26-ஐ எண்ணிப் பார்: மூன்று நிறம் தெரியும் மூலைகள் 8, இரண்டு நிறம் தெரியும் ஓரங்கள் 12, ஒரு நிறம் தெரியும் நடுக்கட்டைகள் 6. நிறமே தெரியாத ஒன்றுதான் அந்த 27-வது. ஒலிம்பியாடு மாதிரித் தேர்வுகளில் இதைப் பெயிண்ட் அடித்த கனசதுரம் என்று வேஷம் மாற்றிக் கேட்பார்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரத் தொட்டி இருக்கிறது. இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும் என்றேன். மேஸ்திரி எல்லாப் பக்கத்தையும் இரண்டு மீட்டராக்கிவிடலாம் என்கிறார். சரியா?
– வீட்டுக்காரர், மதுரை

உடனே வேலையை நிறுத்துங்கள்! இப்போது இருப்பது 1,000 லிட்டர். மேஸ்திரி கட்டப்போவது 8,000 லிட்டர். தண்ணீர் மட்டுமே எட்டு டன். மாடி தாங்குமா என்று யோசியுங்கள். உங்களுக்கு வேண்டிய பக்கம் 1 மீட்டர் 26 சென்டிமீட்டர். 1.26-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 2-ஐ மயிரிழையில் தொடும். சரியான அளவை வெறும் அளவுகோலும் கவராயமும் வைத்து வரைந்துவிடலாம் என்று கிரேக்கர்கள் காலத்திலிருந்து முட்டி மோதினார்கள். முடியவே முடியாது என்று 1837-ல் பிரெஞ்சுக்காரர் வான்ட்செல் நிரூபித்த பிறகுதான் பிரச்சினை ஓய்ந்தது. உங்கள் மேஸ்திரியிடம் டேப் இருக்கிறது; கவலை வேண்டாம்.

கேள்வி: கன எண் தெரிந்து வாழ்க்கையில் என்ன ஆகப்போகிறது?
– வீடு கட்டிக்கொண்டிருப்பவர், நாமக்கல்

வீடு கட்டுகிற நீங்களா இதைக் கேட்பது! ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி. 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு வண்டியில் மணல் இருந்தால் சரியாக ஒரு யூனிட். வருவது 9 அடி, நாலரை அடி, 1.8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒவ்வொன்றிலும் பத்தில் ஒன்றுதான் சார் குறைவு, பத்து பர்சன்ட் கழித்துக் கொடுங்கள்’ என்பார் வண்டிக்காரர். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். பெருக்கிப் பாருங்கள்: 72.9 கன அடி. ஒன்பதின் கனம் 729 என்று தெரிந்தவருக்கு 27 சதவீதம் பறிபோனது பளிச்சென்று தெரியும். தெரியாதவர் பதினேழு சதவீதத்தை மணலுக்குப் பதில் காற்றுக்குக் கொடுப்பார்.

கேள்வி: சகுந்தலா தேவி கனமூலம் சொன்னது தெய்வ சக்தியா?
– பக்தர், ஸ்ரீரங்கம்

தெய்வத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம். 1988-ல் பெர்க்லியில் உளவியல் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்தார். 6,16,29,875-ன் கனமூலம் கேட்கப்பட்டது. ஜென்சன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் 395 என்று விடை வந்தது. அவர் மூளைக்குள் என்ன ஓடியதோ, நாம் நடந்துபோகவும் ஒரு பாதை இருக்கிறது. மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 61 | 629 | 875. கடைசி இலக்கம் 5. முதல் துண்டு 61, அதாவது 27-க்கும் 64-க்கும் நடுவில். முதல் இலக்கம் 3. நடு இலக்கம்தான் பாக்கி. எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 44, பிறகு 8. மீதி 8 என்றால் மூலம் மூன்றின் மடங்குக்கு ஒன்று குறைய இருக்க வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதற்கு நடு இலக்கம் 0, 3, 6, 9-ல் ஒன்றாக இருக்க வேண்டும். 61 என்பது 64-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே மூலமும் 400-ஐ ஒட்டி. 395! நமக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. வித்தியாசம் அந்த இரண்டு நிமிடம்தான்.

கேள்வி: கன எண்களில் உங்களுக்குப் பிடித்த கணக்கு எது?
– வாசகி, புதுச்சேரி

1+8 = 9. 1+8+27 = 36. 1+8+27+64 = 100. முதலிலிருந்து எத்தனை கனங்களைக் கூட்டினாலும் வர்க்கம்தான் வரும். 3, 6, 10 ஆகியவற்றின் வர்க்கம். அந்த 3, 6, 10 என்பவை 1+2, 1+2+3, 1+2+3+4. ஆரியபட்டர் 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் இந்தக் கூட்டல் விதியும் இருக்கிறது, கனமூலம் காணும் முறையும் இருக்கிறது. ஒன்று முதல் ஒன்பது வரை கனங்களைக் கூட்டினால் 45-ன் வர்க்கம், 2,025. அந்த ஆண்டைச் சும்மா கடந்துவிட்டோம். ஒரு பொங்கலாவது வைத்திருக்கலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பாடத்தில் போய் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கோவை

உங்களுக்கு வேலை வைத்திருக்கிறது. எந்தெந்த எண்களை மூன்று கனங்களின் கூட்டலாக எழுதலாம்? குறை எண்களும் வரலாம். கனத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 0, 1, 8 மட்டுமே என்பதால், மூன்று கனங்கள் சேர்ந்தாலும் மீதி 4-ம் 5-ம் வரவே வராது. ஆகவே 4, 5, 13, 14-க்கெல்லாம் முடியாது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். முடியும் என்று காட்டத்தான் முதுகு ஒடிகிறது. 33-க்கு 2019-ல் ஆண்ட்ரூ புக்கர் விடை கண்டார். நூறுக்குள் மிஞ்சியிருந்தது 42. அதே ஆண்டில் புக்கரும் ஆண்ட்ரூ சதர்லேண்டும் உலகெங்கும் சும்மா கிடந்த கணினிகளை வேலை வாங்கி, பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் கணக்கிட்டு அதையும் முடித்தார்கள். விடையில் உள்ள மூன்று எண்களுக்கும் பதினேழு பதினேழு இலக்கம்.

கேள்வி: நாம் வாழும் ஆண்டு எப்போது கன எண்ணாக வரும்?
– பத்தாம் வகுப்பு மாணவன், தருமபுரி

கடைசியாக வந்தது 1728. அடுத்தது 2197, பதின்மூன்றின் கனம். உன் கேள்வியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அன்றைக்கு இந்தப் பகுதியை யார் எழுதுகிறாரோ அவர் விரிவாகப் பதில் சொல்வார்.